நூற்றுக்கு நாலு

போன் அடித்தது.

செத்தவரின் போன்.

வலியசாலை வீட்டு ஹாலில், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்திருந்தார் கணிதப் பேராசிரியர் உமாசங்கர்.

இன்ஸ்பெக்டர் வேலாயுதன் போனை எடுத்தார்.

"ஹாஸ்பிடல்ல இருந்து பேசறோம். காலையில நெஞ்சுவலின்னு வந்துட்டுப் போன உமாசங்கர் சார்தானே? எங்க சர்வீஸுக்கு அஞ்சில எத்தன மார்க் தருவீங்க?"

"அவரு மார்க் போடற நெலையில இல்ல மோளே. ஆளு போயாச்சு."

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு...

"அப்போ மூணுன்னு போட்டுக்கட்டுமா சார்?"

வேலாயுதன் போனை வைத்தார்.

போலீசைக் கூப்பிட்டது மனைவி நாகலக்ஷ்மி. அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள்.

"டாக்டர் ஜெயகுமார் இவரோட சிநேகிதர். ஒண்ணுமில்லே, வயத்துல வெறும் கேஸ்னு சொல்லி அனுப்பிட்டார். ஆத்துக்கு வந்து உக்காந்தவர் எழுந்துக்கவே இல்லே..."

அதற்குள் அது வேறு வகைக் கேஸ் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் பிஜி குரலைத் தாழ்த்தினாள்.

"ஈசிஜி நான்தான் எடுத்தேன் சாரே. ஹார்ட் அட்டாக்னு நல்லாவே தெரிஞ்சுது. டாக்டர்ட்ட காட்டினேன். மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு."

டாக்டர் ஜெயகுமாரின் அறைச் சுவரில் நோயாளிகள் படம் இல்லை. அவர் விருது வாங்கும் படங்கள் இருந்தன.

"நானும் உமாவும் சேர்ந்து செஞ்ச ப்ரோகிராம் ஒண்ணு இருக்கு இன்ஸ்பெக்டர். பேஷன்ட் விவரத்தக் கொடுத்தா, சாகற ரிஸ்க் எவ்வளவுன்னு சொல்லும். உமாவுக்கு நூத்துக்கு நாலுன்னு சொல்லிச்சு. ஈசிஜில சின்ன சந்தேகம்... ஆனா நான் சயன்ஸ நம்பினேன்."

"ஈசிஜி சயன்ஸ் இல்லையாக்கும்?"

டாக்டர் பேச்சை மாற்றினார்.

"உமாவோட ரிசர்ச் ஸ்டூடன்ட் ஸ்நேகாவ விசாரிங்க. ப்ரோகிராம் அவ கையிலதான். அவருமேல அவளுக்குக் கோபம். எதையோ மாத்தியிருக்கா."

ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்நேகா டாக்டரின் அறைக்கு வந்து சேர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"உங்க சார் கணக்கு எனக்குப் புரியற மாதிரி சொல்லு மோளே."

"மொதல்ல செல்போன் டவருக்காக எழுதின சமன்பாடு சார். நெட்வொர்க்ல எந்த டவர் விழும்னு சொல்லும். அப்புறம் டவர எடுத்துட்டு மாணவன்னு போட்டோம். யார் படிப்ப நிறுத்துவான்னு சொல்லித்து. அது ரெண்டாவது ஆராய்ச்சிப் பேப்பர். அப்புறம் மாணவன எடுத்துட்டு நோயாளின்னு போட்டு, டாக்டரோட சேர்ந்து மூணாவது பேப்பர்."

"சமன்பாடு?"

"அதேதான் சார்."

"கொள்ளாமே, ஒரே சமன்பாட்டுக்கு மூணு எடத்துல வேலை. என் மச்சானுக்கு ஒரு எடத்துலகூட வேலை கெடைக்கல. நீ ப்ரோகிராம்ல கை வெச்சியா?"

"வெச்சேன் சார்."

டாக்டர் சிரித்தார். "நான் சொன்னேன்ல?"

"வியாழக்கிழமை அதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சேன் சார். விழுந்த டவர் திரும்ப எழுந்துக்கும். மாணவன்கூட மறு வருஷம் வந்து சேருவான். இதயம் நின்னா நின்னதுதான். அந்த வித்தியாசமே கணக்குல இல்ல. அதனால ரிஸ்க் எப்பவும் கம்மியாக் காட்டும். சார்ட்ட சொன்னேன். கணக்க மறுபடி போட்டுப் பாத்தார். அப்புறம் டாக்டருக்குப் போன் பண்ணி, பேப்பர வாபஸ் வாங்கப்போறேன்னு சொன்னார்."

"ப்ரோகிராம்?"

"அப்பவே நிறுத்திட்டேன். சார்தான் சொன்னார். டாக்டருக்குத் தெரிஞ்சா மறுபடி ஓட வெச்சுடுவார், சொல்லாதேன்னார்." அவள் டாக்டரைப் பார்த்தாள். "ரெண்டு நாளா அது ஓடல சார். ஹாஸ்பிடல்ல ஒருத்தர்கூட கவனிக்கல."

டாக்டரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

"ஓடாத ப்ரோகிராம் உங்ககிட்ட மட்டும் தனியா வந்து நாலுன்னு சொல்லிச்சா டாக்டரே?"

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு வியர்த்தது. வேலாயுதன் அவருடைய வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில் கைவிட்டார். மடித்த ஈசிஜி வந்தது.

"அடுத்த மாசம் இதுக்காக எனக்கு அவார்டு..." டாக்டர் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தார். "அவன் பேப்பர வாபஸ் வாங்கியிருந்தா என் பேரு நாறியிருக்கும்."

"இனிமே மணக்குமாக்கும்."

வாசலில் ஸ்நேகா வேலாயுதனை நிறுத்தினாள்.

"நான் தப்பக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா... சார் உயிரோட இருந்திருப்பார், இல்லையா?"

வேலாயுதன் தொப்பியைக் கழற்றினார்.

"இருந்திருப்பாரு. அவருக்குப் பதிலா வேற யாராரோ செத்திருப்பாங்க. அவங்க யாருன்னு நமக்குத் தெரிஞ்சிருக்காது, கேட்டோ மோளே... அவ்வளவுதான்."

அவள் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு ஜீப்பில் ஏறினார்.

"நான் எப்ப வெளிய வர முடியும் இன்ஸ்பெக்டர்?" பின்சீட்டிலிருந்து டாக்டர் கேட்டார்.

"நீங்க போற எடத்துல டிஸ்சார்ஜ் எழுதறது ஜட்ஜாக்கும் டாக்டரே. அவருக்கு அவசரமே கெடையாது."