விரல் பதிந்த தகடு

கைரேகை தகட்டின் உட்பக்கத்தில் இருந்தது. கண்ணாடியக்காவுக்கு முதலில் அதில் தப்பாக எதுவும் படவில்லை. எவர்சில்வர் என்றால் கைரேகை விழத்தான் செய்யும். தொட்டவன் போய்விடுவான், தொட்ட தடம் போகாது. அதைத் துடைக்கத்தானே அவளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், தகட்டில் வரி ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. ரேகை போய்விட்டது. அடுத்த தகட்டுக்கு நகர்ந்த பிறகுதான் அவள் கை நின்றது. அந்த ரேகைகள் இரண்டு துளைகளின் கீழ் விளிம்பை ஒட்டி, மூன்று மூன்றாக, நுனி தரையைப் பார்த்தபடி இருந்தன. இந்தப் பக்கம் நின்று தொட்டவனுடைய விரல்நுனி மேலே பார்த்திருக்கும். நுனி கீழே பார்க்கவேண்டுமென்றால் விரல்கள் வெளியிலிருந்து துளைக்குள் நுழைந்து, உட்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும்.

வெளியே எதுவும் இல்லை. ஐந்து மாடி உயரத்துக்கு வெறும் காற்று.

அவளுடைய பெயரை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. வேறொரு கட்டடத்தில் பதினோரு வருஷம் கண்ணாடி துடைத்தவள் என்று தங்கை சொல்லிவைக்க, வந்த அன்றைக்கே கண்ணாடியக்கா ஆகிவிட்டாள். தங்கை அங்கே ஐந்தாவது மாடி பேன்ட்ரியில் காபி போடுகிறவள். தகடு துடைக்க ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் வாயைத் திறந்ததும் அக்காவைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தியவளும் அவள்தான். முன்னால் இருந்தவள் ஏன் நின்றுவிட்டாள் என்று கேட்டதற்கு, "அவளுக்கு உயரம் ஒத்துக்கலக்கா" என்று பேச்சை முடித்துக்கொண்டாள்.

கட்டடத்தின் மேற்கு முகம் முழுக்க எவர்சில்வர் தகடு போர்த்தியிருந்தது. ஏழு மாடி உயரம். அதில் கடுகளவு துளை முதல் எலுமிச்சம்பழம் நுழையும் துளை வரை ஆயிரக்கணக்கில். சாலையில் நின்று பார்த்தால் ஒரு பறவைக் கூட்டம் சாய்வாக எழும்பிப் போவது போலத் தெரியும். மாலை வெயிலை வடிகட்டி உள்ளே விடும் தகடு இது, ஏசி பாதி ஓடினாலே போதும் என்று வரவேற்பறைச் சுவரில் பெருமையாக எழுதி மாட்டியிருந்தார்கள். தகட்டுக்கும் ஆபீஸ் கண்ணாடிக்கும் நடுவே இரண்டரை அடிச் சந்து. அதில் மாடிக்கு மாடி நடப்பதற்குக் கம்பிக் கிராதி. குனிந்தால் கால்களுக்கு நடுவே கீழ்மாடிக் கிராதிகளையெல்லாம் தாண்டி, வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் பார்வை விழும். மாடிக்கொரு கதவு வைத்தால் கண்ணாடியின் நேர்க்கோடு உடைந்துபோகும் என்று கட்டடத்தை வரைந்தவர் ஒற்றைக் காலில் நின்றாராம். அதனால் மொத்த முகத்துக்கும் ஒரே ஒரு கதவு, ஐந்தாவது மாடி பேன்ட்ரியில். மற்ற மாடிகளுக்குச் சந்துக்குள்ளேயே ஏணியில் ஏறி இறங்கிப் போக வேண்டும்.

காலையில் விருந்தாளிகள் வருவார்கள். தகட்டுக்குப் பின்னால் பக்கெட்டோடு ஒருத்தி நிற்பது நன்றாக இருக்காது என்று அவளுக்கு மூன்று மணிக்கு மேல்தான் வேலை. மூன்று மணிக்கு மேல் அந்தச் சந்து அடுப்பிலேற்றிய வாணலி. தங்கை கதவைத் திறந்துவிடுவாள். இவள் நுழைந்து இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியதும், உள்ளேயிருந்து பூட்டிக்கொள்வாள். ஏசி வீணாகக் கூடாதாம். வேலை முடிந்து கண்ணாடியைத் தட்டினால் திறப்பாள். வெயில் இருக்கும்வரை அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான்; உள்ளே இருப்பவர்கள் இவளைப் பார்க்கலாம், இவளுக்குத் தன் முகம் மட்டும்தான் தெரியும்.

மறுநாளும் ரேகை இருந்தது. அதே ஐந்தாவது மாடி, ஆனால் நேற்றுத் துடைத்த துளைகளில் இல்லை. ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி. துடைத்தாள். அதற்கு மறுநாள் இன்னும் ஒரு முழம். எண்ணெய்ப் பிசுக்கு போலத் தெரிந்தது துணியில் பழுப்பாக ஒட்டியது. துரு என்று நினைத்து மோந்து பார்த்தாள். பல் பிடுங்கிய அன்றைக்கு வாயில் நிற்குமே, அந்த வாடை.

"துளைல இருந்து கை வந்து தொடுதாக்கும்?" என்று சிரித்தார் சூப்பர்வைசர். "உங்க கைதான் பட்டிருக்கும். கிளவுஸ் போடுங்கக்கா."

"கிளவுஸ் போட்டுத்தான் சார் துடைக்கிறேன்."

"அப்ப ரெண்டு ஜோடி போடுங்க."

பக்கத்தில் நின்றிருந்த வாட்ச்மேனும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நாலாவது நாள் காற்று அதிகம். காற்றடித்தால் தகடு பாடும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் அந்த அடித்தொண்டைச் சத்தம் ஆயிரம் துளையிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பி, கிராதி வழியாக உள்ளங்காலில் ஏறி, பல்லில் வந்து கூசும். முதல் நாள் பயந்தவள் இப்போது பழகியிருந்தாள். துடைத்துக்கொண்டே வலப்பக்கம் நகர்ந்தாள். ஓரிடத்தில் சத்தம் அடைந்துபோயிற்று. இரண்டு பக்கமும் தகடு பாடிக்கொண்டே இருந்தது, அவளுக்கு நேர் எதிரே மட்டும் பாடவில்லை, அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து துளைகளை உடம்பால் மூடிக்கொண்டது மாதிரி. துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெயில், சாலை, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஆள் யாரும் இல்லை. மூச்சு வந்தது. திரும்பினாள்.

தகட்டின் துளைகள் வழியாக வெயில் விழுந்து, எதிரே கண்ணாடி முழுக்க வெளிச்சப் பொட்டுகளாக இருந்தது. ஓரிடத்தில் பொட்டுகள் இல்லை. அந்த இருட்டுக்கு ஒரு தலை இருந்தது. தலைக்கு மேலே தூக்கிய இரண்டு கைகள். கீழே, எதையும் மிதிக்காமல் தொங்கும் கால்கள்.

அவள் மறுபடி தகட்டின் பக்கம் திரும்பி, தன் நீலச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். மார்பிலும் வயிற்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழவில்லை.

அந்த நிழல் அவள்மேல்தான் விழுந்திருந்தது.

கண்ணாடியை அவள் தட்டிய தட்டில் பேன்ட்ரியே அதிர்ந்திருக்கும். தங்கை திறக்க நேரமாயிற்று. திறந்தவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவுமில்லை. அவளைத் தாண்டித் தகட்டைப் பார்த்துவிட்டு, அவளை உள்ளே இழுத்துப் படாரென்று கதவைச் சாத்தினாள்.

அன்று இருவரும் குடியிருந்த ஒற்றை அறையில், தங்கை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியக்கா கேட்டாள்.

"அங்க யாருடி விழுந்தது?"

தங்கை அடுப்பை அணைத்தாள்.

"கடைசித் தகடு மாட்ட வந்த ஃபிட்டர். வெளியில தொங்குற மேடைல நின்னு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தான். ஒரு பக்கக் கயிறு விட்டுப்போச்சு. மேடை சரிஞ்சதும் துளைல விரலை விட்டுத் தொங்கிட்டான்."

"அப்புறம்?"

"யாராவது சந்துக்குள்ள போய் அவன் கையைத் துளையோட சேத்து ஒரு துணியால கட்டியிருந்தாக்கூட பொழச்சிருப்பான். எல்லாரும் கண்ணாடிகிட்ட வந்து நின்னாங்க. கதவைத் தொறந்து இன்னொருத்தன் விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு மேனேஜர் மேலிடத்துக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தாரு."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

தங்கை அணைத்த அடுப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். சாவி?"

"என் இடுப்புல."

தங்கை துணியைக் கீழே வைத்தாள்.

"கதவு இருக்கிற எடம் தெரிஞ்சு, ஒவ்வொரு துளையா மாத்திப் புடிச்சு நகந்து வந்தான்க்கா. துளை விளிம்பு அறுத்து விரல்லாம் கிழிஞ்சுபோச்சு. கத்தல. 'புடிச்சுக்கோங்க, புடிச்சுக்கோங்க'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான். நின்னவங்க எல்லாருக்கும் மேனேஜர் காபி குடுக்கச் சொன்னாரு. குடுத்தேன். ரெண்டாவது தட்டு காபி போட்டுக்கிட்டு வரும்போதுகூடத் தொங்கிக்கிட்டுதான் இருந்தான்."

"தெரிஞ்சுதான் என்னக் கொண்டுவந்து விட்டியா?"

"ஆள் கெடைக்கிற வரைக்கும் என்னத் துடைக்கச் சொன்னாங்கக்கா." தங்கை அழ ஆரம்பித்தாள். "என்னால முடியாது. வெயில் எறங்கி உள்ள லைட் போட்டப்போ அவன் என் மூஞ்சியப் பாத்திருக்கான். உன்ன அவனுக்குத் தெரியாதில்ல?"

மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் கண்ணாடியக்கா படுத்தாள். ஆனால் அவள் போகவில்லையென்றால் அந்தச் சந்துக்குள் யாரை அனுப்புவார்கள் என்று யோசித்ததில் விடியும்வரை தூக்கம் பிடிக்கவில்லை. கூடப் பிறந்த பாவம். மூன்று மணிக்குக் கொக்கியை மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவது மாடியைக் கடைசிக்கு ஒதுக்கினாள். ஏழு, ஆறு, பிறகு கீழே இறங்கி நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. வியர்வை கண்ணில் இறங்கியது. கைகள் தானாக வேலை செய்தன, காதுகள் மட்டும் ஐந்தாவது மாடியில் இருந்தன. எதுவும் கேட்கவில்லை, இலை அசையாத சாயங்காலம். சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏணியேறி ஐந்தாவது மாடிக் கிராதியில் கால் வைத்தாள். கதவு வரைக்கும் பதினைந்து தகடு. முதல் தகடு சுத்தம். இரண்டாவது சுத்தம். பத்தாவதும் சுத்தம். ரேகையே இல்லை. போய்விட்டானோ என்று மனசு லேசாக இளகியது. பதினைந்தாவது தகடு கதவுக்கு நேர் எதிரே. அதுவும் பளிச்சென்று இருந்தது. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள்.

முதுகுக்குப் பின்னால் யாருக்கோ மூச்சு வாங்கியது.

திரும்பினாள்.

பெரிய துளை ஒன்றின் வழியாக மூன்று விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. நகங்கள் நீலம். முதல் கணுவில் சதை சுருண்டு விலகி, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு விரல் வழுக்கியது. மறுபடி பற்றியது. வழுக்கியது.

"புடிச்சுக்கோங்க."

சின்ன வயசுக் குரல். மிரட்டலே இல்லை. தண்ணீர் கேட்பது போல, இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்று நம்பிக் கேட்கும் குரல்.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் ஒருத்தன் கண்முன்னால் நழுவிப்போவதை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? இரண்டாவது விரலும் நழுவியபோது அவள் வலது கை தானாகப் போய் அந்த விரல்களைப் பற்றியது.

சில்லென்றிருந்தது. உடனே கனம் வந்தது. ஒரு முழு ஆளின் கனம், மூன்று விரலில்.

"புடிச்சுக்கிட்டேன். புடிச்சுக்கிட்டேன் தம்பி, விட மாட்டேன்" என்றாள், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. இடது கையை நீட்டிக் கண்ணாடியைத் தட்டினாள். "ஏய்! தொறடி! கயிறு எடுத்துட்டு வா! சீக்கிரம்!"

வெயில் போய்விட்டிருந்தது. பேன்ட்ரியில் விளக்கு எரிந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாகக் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள். தங்கை நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேனேஜர், காதில் போன். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். சிலர் கையில் காபி. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தார்களோ.

"தொறடி!"

தங்கையின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் கண்கள் அக்காவின் முகத்தில் இல்லை. அக்காவின் தோளுக்குப் பின்னால், துளையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து அவளையும் எதுவோ பார்த்திருக்க வேண்டும். அவள் தலை மெதுவாக இடவலமாக ஆடியது. மாட்டேன். மாட்டேன்.

பிடியை விட்டுவிடலாம் என்று கண்ணாடியக்காவுக்கு அப்போதுதான் தோன்றியது. விரல்களை விரித்தாள்.

விரிந்தன. ஆனால் கை வரவில்லை. இப்போது அவன் பிடித்திருந்தான்.

முதலில் அவளுடைய விரல்கள் துளைக்குள் போயின. பிறகு உள்ளங்கை, இரண்டாக மடிந்து. ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் அவள் காதுக்குக் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. கத்தினாள். இடுப்பு பெல்ட் இறுகி அவளைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. எதிரில் அவன். பின்னால் பெல்ட். இரண்டும் விடவில்லை.

"புடிச்சுக்கோங்க" என்றது குரல், காதருகே. நன்றியோடு.

உள்ளே தங்கை அழுதுகொண்டே கண்ணாடியை மறைக்கும் திரையின் கயிற்றைத் தேடி இழுத்தாள். திரை இறங்கியது. முதலில் முகங்கள் மறைந்தன. பிறகு போன், காபிக் கோப்பைகள், சாவி செருகிய இடுப்பு. தரைக்கு ஒரு சாண் மேலே வந்து திரை நின்றது. அதற்குக் கீழே வரிசையாகச் செருப்புகளும் ஷூக்களும். ஒன்றுகூட நகரவில்லை. எல்லாம் இவள் பக்கமே திரும்பி நின்றன, சத்தம் ஓயட்டும் என்று.

முழங்கை துளைக்குள் இறங்கத் தொடங்கியது.