கால்வாசி சுற்று

சுவரைப் பார்த்திருந்த சிவப்புப் பொட்டு இப்போது மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தது.

காலையில் மனைவி அவர் காலில் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தின் நட்டை ஸ்பேனரால் கால்வாசி சுற்று திருப்பிவிட்டுப் போனபோது அது சுவர்ப்பக்கம்தான் இருந்தது. கணக்குத் தவறாமலிருக்க நாலு நட்டிலும் நகப்பூச்சால் பொட்டு வைத்தவளே அவள்தான். முழங்காலுக்குக் கீழே மூன்று இரும்பு வளையங்கள், எலும்பைத் துளைத்து இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும் கம்பிகள், ஓட்டைக்கு ஓட்டை கசியும் நீர், ஸ்பிரிட்டும் சீழும் கலந்த வாடை. போர்வை படக்கூடாது, ஈ உட்கார்ந்தால் விரட்டக் கை எட்டாது. நொறுங்கிப்போன எலும்பை இழுத்து வளர்க்க நாளுக்கு நாலு தடவைதான் திருப்ப வேண்டும். கூடத் திருப்பினால் நரம்பு போய்விடும், அப்புறம் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மறுபடியும் திருப்பினியா?"

"நான் எதுக்குங்க திருப்பப் போறேன்? துணி காயப்போட்டுட்டு இருந்தேன்."

"பொட்டு நகர்ந்திருக்கே."

"பெத்த தாய் தண்ணி கொடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தானே குடிப்பீங்க!"

அது நிஜம்தான். ஆனால் இவளை நம்பாததற்குக் காரணம் இருந்தது. அவர் நடத்திய கட்டட வேலையில் செத்துப்போன கம்பி கட்டுகிறவன் இவள் கூடப்பிறந்த அண்ணன். "சாரக்கட்டை விரிசல் விட்டிருக்கு மாப்ள, மாத்திட்டு ஏறுறேன்" என்றான். "நேரத்தைக் கடத்தாத, ஏறுய்யா" என்று ஏற்றிவிட்டது மேஸ்திரி. சாரம் சரிந்தது. அவன் தலை சிதறியது. அதே கட்டை கீழே நின்ற மேஸ்திரியின் காலையும் நொறுக்கியது. குடித்துவிட்டு ஏறினான் என்று இவளிடமும் ஊரிடமும் சொல்லி வைத்தார். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப் போகிறான்?

மனைவி மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். ஜன்னலில் மதிய வெயில் எரிந்தது. மின்விசிறி உறுமியது. அதற்கடியில் இன்னொரு சத்தம், இரும்பை வைத்து மணலை நெரிப்பது போல.

பொட்டு மறைந்தது. சுற்றி வந்தது. மறுபடி மறைந்தது.

ஈரத்துணியைப் பிழிவதுபோல் தோல் இழுபட்டது. தலையணையை முதுகில் முட்டுக்கொடுத்து, எட்டி, ஸ்பேனரைப் போட்டு எதிர்ப்பக்கம் திருகினார். நட்டு நிற்கவில்லை. அவர் மணிக்கட்டையும் சேர்த்து முறுக்கியது. கால் பெருவிரல் வெளுத்தது. மரத்தது.

"விட்ரு மச்சான்! நீ குடிக்கல! விரிசல் இருக்குன்னு தெரிஞ்சேதான் உன்ன ஏத்திவிட்டேன்!"

நட்டு நின்றது.

மூச்சு வந்தது. தலையைத் திருப்பினார். வாசலில் மருந்துப் பையோடு மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"இங்க பாரு... வலியில என்னமோ உளறிட்டேன்..."

அவள் பையைக் கீழே வைத்தாள். கதவைத் தாழிட்டாள். அவர் காலருகே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.

"உக்காருண்ணே," என்றாள். "அவசரமில்ல. சாயங்காலம் வரைக்கும் யாரும் வரமாட்டாங்க."

அந்தக் காலி இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.