முகமிலியின் முகம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் ‘பெருஞ்சங்கமம்’ தொடரின் கடைசி இதழ் வெளியாக வேண்டும். அந்த நொடியில் நான்கு லட்சம் வீடுகளில் உயிர்ப்பாவைகள் எழுந்து நின்று கதையை நடிக்கத் தொடங்கும். அதை எழுதிய மகிழினி, மூன்றரை மணிக்குக் கோவை அலுவலகத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதையே பயத்தோடு திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

எதிரும் புதிருமாக இருந்த இரண்டு சித்திரக்கதை நிறுவனங்களின் நாயகர்கள் முதன்முறையாக ஒன்றுசேர்ந்த தொடர் அது. மகிழினியின் நிறுவனத்திலிருந்து மின்னற்கொடி, மற்றதிலிருந்து கருங்கல்லன். இருவரும் ஒரு சாண் உயரப் பாவைகளாகவும் வந்தார்கள். புது இதழ் வந்ததும் பாவைகள் தாமாகவே நடந்து, பேசி, சண்டையிட்டுக் குழந்தையையும் கதைக்குள் இழுத்துக்கொள்ளும். விளக்கு, கதவு, பூட்டு எல்லாவற்றையும் கவனிக்கும் வீட்டுக்காவல் இயந்திரத்தையும் அவற்றோடு இணைத்திருந்தார்கள். வில்லன் வந்தால் கூடத்து விளக்கு மங்கும். குழந்தைக்கு வீடே கோட்டை.

வில்லனின் பெயர் முகமிலி. பெட்டியைப் பிரிக்கும்போது அவனுக்கு முகம் இருக்காது. பிசைந்த மாவுபோல வழவழவென்றிருக்கும். குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்பதை அதன் பார்வையிலும் மூச்சிலும் கணித்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தை எடுத்துக்கொள்வான். அதை அடித்து வீழ்த்தினால் பயம் தெளியும் என்றார்கள் மருத்துவர்கள். தெளியவும் செய்தது. நாய் முகம், பல்லி முகம், ஊசி போடும் டாக்டரின் முகம் எல்லாம் வரிசையாகத் தோற்றன.

அன்று மதியம்தான் பொறியாளர் ஜோயல் ஓர் அறிக்கையோடு வந்தான். கடந்த இரண்டு வாரத்தில் முப்பத்தோராயிரம் வீடுகளில் முகமிலி மனித முகத்தில் நிலைத்து நின்றுவிட்டான். எல்லாமே அந்தந்த வீட்டுக்காவலில் பதிவாகியிருந்த முகங்கள்.

“வீட்டுல இருக்கறவங்க முகமா?” என்றாள் மகிழினி.

“ஆமாங்க்கா. யார்னு பாக்க நமக்கு அனுமதியில்ல.”

கடைசி இதழில் நாயகர்கள் முகமிலியைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவை அடைக்கிறார்கள். ‘இந்த முகத்துக்கு இந்தக் கதவு இனி என்றும் திறவாது’ என்கிறாள் மின்னற்கொடி. எழுதும்போது மகிழினிக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது.

“வீட்டுக்காவல் அதை நெசமாவே செஞ்சுடுமா?”

ஜோயல் அறிக்கையை மூடி வைத்தான். “கதை வேற, நெசம் வேறன்னு நாம அதுக்குச் சொல்லியே குடுக்கலைங்க்கா.”

மேலாளர் தண்டபாணியிடம் ஓடினாள். வெளியீட்டை நிறுத்த இரு நிறுவனங்களும் ஒப்பவேண்டும், அந்தப் பக்கத்து அதிகாரி விமானத்தில் இருக்கிறார் என்றார் அவர். ஒரு சாயங்காலம் நாலு பேர் வாசலில் நின்றால் குடி முழுகிப்போகாது, திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். நாலரை மணிவரை கெஞ்சிப் பார்த்துவிட்டு மகிழினி கிளம்பினாள்.

எட்டு வயது மகள் ஆதிரை பள்ளியிலிருந்து வந்து வீட்டில் தனியாக இருப்பாள். கூப்பிட்டால் எடுக்கவில்லை. கணவன் பிரிந்துபோய் இரண்டு வருடமாகிறது. அதன்பிறகு மகிழினியின் குரல் வீட்டில் எப்போதும் ஒரு படி மேலேதான் இருந்தது. அவள் அறைக்குள் நுழைந்தால் ஆதிரை முகமிலியை அலமாரிக்குள் தள்ளி மூடிவிடுவாள். இப்போது அது ஏனென்று புரிந்துவிட்டதாக மகிழினிக்குத் தோன்றியது. என் முகமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நான் வாசலில் கிடந்தாலும் பிள்ளை உள்ளே பத்திரமாக இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வண்டி பீளமேட்டைத் தாண்டும்போது மணி ஐந்தைக் கடந்திருந்தது. தெருவில் கைலியோடு ஒருவர் தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு வாசலில் ஓர் ஆள் கதவை உதைத்தான். உள்ளே ஜன்னலருகே ஒரு பெண் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திறக்க முயன்றதாகத் தெரியவில்லை.

வழியில் எதையும் கவனிக்காமல் நான்காவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி, கதவின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டாள் மகிழினி. கதவு திறந்தது. “வருக. கோட்டை பாதுகாப்பாக இருக்கிறது” என்றது மின்னற்கொடியின் குரல்.

மகிழினிக்கு அழுகை பொங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். கூடத்தில் இல்லை, படுக்கையறையில் இல்லை, குளியலறையிலும் இல்லை. ஜன்னல் திண்டில் இரண்டு நாயகப் பாவைகளும் வாசலைப் பார்த்தபடி நின்றன.

ஓடி வெளியே வந்தாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முகமிலி விழுந்து கிடந்தான். எடுத்துத் திருப்பினாள். முன்பல் விழுந்த வாய். தாடையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. ஆதிரையின் முகம்.

மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“அஞ்சு மணிக்கு மின்னற்கொடி போகச் சொல்லுச்சு. நான் சண்டை போடலைம்மா.”

“ஏன்டா தங்கம், உன் முகம் எப்படி அதுக்கு...”

“அப்பா என்னாலதானே போனாரு? நீ போன்ல சித்திகிட்டச் சொன்னியே, இவ பொறந்ததுக்கப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு.”

அப்படிச் சொல்லவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள் மகிழினி. சொன்ன நாளும், அன்று அடுப்பில் பால் பொங்கியதும் நினைவுக்கு வந்தன. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். திறந்திருந்த கதவு அவர்கள் முகத்துக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

ஆதிரை கையை விடுவித்துக்கொண்டு பழையபடி படிக்குப் போனாள். “நீ உள்ள போம்மா. நான் தள்ளி உக்காந்தா உனக்குத் திறக்கும்.”

கீழ்த்தளத்தில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. மகிழினி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் மாடி வாசலில் சீருடையோடு ஒரு பையன். இரண்டாம் மாடியில் அக்காவும் தம்பியும். வீட்டுக்குள் பெரியவர்கள் பெயர் சொல்லித் தேடும் குரல் தெளிவாகக் கேட்டது. குழந்தைகள் யாரும் பதில் சொல்லவில்லை.

“புள்ளைங்க வெளிய இருக்காங்க, வந்து பாருங்க!” என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். கதவுகள் உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தன.

பிறகு பாவையை மடியில் வைத்துக்கொண்டு மகளருகே உட்கார்ந்தாள். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நாங்கள் பிரிந்தது எங்களால், அன்று நான் சொன்னது பொய் என்று நிதானமாகச் சொன்னாள். ஆதிரை ஒவ்வொரு வார்த்தைக்கும் சமர்த்தாகத் தலையாட்டினாள். மகிழினி மெல்ல மடியிலிருந்த பாவையைப் பார்த்தாள்.

அதன் முகம் மாறவில்லை.

அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.