கழுவிய கை

ஆஸ்பத்திரியில் தாதி வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்குள் நுழைந்த மயூரிக்கு முதலில் தட்டுப்பட்டது திராட்சை மணம். பழுத்து வெடித்து, இனிப்பு முற்றிப்போன திராட்சை. சமையலறையில் இரண்டு வாழைப்பழங்கள்தான் கிடந்தன.

"திராட்சை வாங்கினனீங்களோ?"

"இல்லையே," என்றான் அவள் கணவன் கிஷாந்த், காலில் சப்பாத்தை மாட்டியபடி. "பிள்ளை இப்பதான் நித்திரை. நான் பால்மா வாங்கிக்கொண்டு ஓடி வாறன்."

கதவு சாத்திக்கொண்டது. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போக, ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல நடுங்கி அடங்கின. பிறகு மழைச் சத்தத்துக்கு நடுவே வீடு முன்னைவிட அமைதியாகி, அந்த அமைதிக்குள் மணம் மட்டும் தடித்துக்கொண்டே வந்தது. குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். கடைசியில் கைப்பையிலிருந்து போனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

அங்கிருந்துதான்.

கையிலேயே போன் அடித்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் றஷ்மி.

"அக்கா, கிருமி இருக்கோ எண்டு வார்ட்ல எல்லாரிட கையிலயும் போன்லயும் துடைச்சு எடுத்தமே, ரிசல்ட் வந்திட்டுது. உங்கட கை சுத்தம். போன்ல..." இழுத்தாள். "செத்துப்போன அந்தப் பிள்ளையிட ரத்தத்தில வளர்ந்த அதே கிருமி. தட்டில வளர்த்தா திராட்சை மணக்குமே, அதுதான்."

மயூரி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"உங்களை மட்டும் ஆரும் குறை சொல்லேலாது அக்கா. பாதிப் பேரிட போன்ல ஏதோ ஒண்டு இருக்கு."

"ஓம்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. பெயர்கூட வைத்திருக்கவில்லை. அன்று அவள் கையுறை மாட்டி, இன்குபேட்டரின் பக்கத் துவாரத்தைத் திறக்கப் போன நேரம், சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. பேலியகொடை மீன் சந்தையில் நல்ல பாறை மீன் வந்திருக்கு, வாங்கவோ என்று கிஷாந்த் கேட்டான். கையுறையோடேயே போனை எடுத்து, வாங்குங்கோ என்றாள். கையுறையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. அதே கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் ஊசிக்குழாயைச் சரிசெய்தாள். அன்றிரவு மீனை ருசித்துத்தான் சாப்பிட்டாள்.

பிள்ளை போன பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த அந்தத் தாய் அவளுடைய கைகளைப் பற்றிக்கொண்டு, "மிஸ், நீங்கதான் நல்லாப் பாத்தீங்க" என்று அழுதாள். மயூரி கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை.

இப்போது அவள் கழுவினாள். சவர்க்காரம், பிறகு ஸ்பிரிட், மறுபடி சவர்க்காரம். நகக்கண்கள் எரிந்தன. குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தபோது அதன் பிடியில் ஒரு தடம் தெரிந்தது. அவளுடைய விரல்கள். வெளிர்பச்சையாய், ஈரமாய், ஆய்வுகூடத் தட்டில் கிருமி முளைப்பதுபோல் மெல்லப் புடைத்து எழுந்துகொண்டிருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவிலும் இருந்தது. சுவிட்சிலும். தொட்ட இடமெல்லாம். துணியால் அழுத்தித் துடைத்தாள். துணிக்கு அடியில் அது திரும்ப வளர்ந்தது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

சுவர் வழியே அவை போயின. அறைக் கதவுவரை. வீட்டுக்கு வந்தபின் அந்தக் கதவை அவள் தொடவேயில்லை. அதில் சின்னக் கைகள் மட்டும்தான் இருந்தன.

உள்ளே வர்ஷினி சிணுங்கினாள்.

மயூரி தோளால் கதவைத் தள்ளினாள். மகள் தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். தாயைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"பொறு குஞ்சு. அம்மா கை... அப்பா வருவார். அப்பா தூக்குவார்."

சிணுங்கல் அழுகையானது. கம்பிக்கு மேலால் சரிந்தாள். மயூரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இறுக்கி. தொடக்கூடாது. எதையும் தொடக்கூடாது.

பின்னால், அவளுடைய சுண்டுவிரலை ஏதோ பற்றியது.

குளிர். நூல்போல் விரல்கள். ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்டரின் சொரசொரப்பு அவள் தோலில் உரசியது. விரலை இழுத்தாள். அது விடவில்லை.

வர்ஷினி அழுகையை நிறுத்தினாள். தாயின் இடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

பிறகு, அதைத் தொடக் கையை நீட்டினாள்.