வெள்ளை மேடையில் ஐந்து வளையங்கள்

காலை 6.40. பால் பாத்திரத்தைக் கையில் எடுத்த பெரிய மருமகள், அதை அடுப்பில் வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

முந்தின நாள்தான் பதித்த சமையல் மேடை. மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த வெள்ளைக் குவார்ட்ஸ். அதன் நடுவில், ஒன்றையொன்று உரசியபடி ஐந்து வளையங்கள் பளபளப்பு செத்துக் கிடந்தன. துடைத்தாள், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அசையவில்லை.

7.15-க்கு அவளுடைய அக்காவுக்குப் போன் போனது. அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, திருட்டுப் புரட்டு எதையும் காதில் வாங்குவதில்லை என்று இருந்தவள். ஆனால் தங்கையின் குரல் உடைந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எட்டு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தில் தங்கையின் ஓரகத்தி, அந்த வீட்டின் சின்ன மருமகள், அழுது முடித்த முகத்தோடு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. புருஷனுக்கு வெளியூரில் வேலை. இப்போது அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். மாமியார் யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார்.

தங்கை தன் வழக்கை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கறுப்புக் கிரானைட்தான் வேண்டும் என்று சின்னவள் ஒற்றைக் காலில் நின்றாள், யாரும் கேட்கவில்லை, அந்த ஆத்திரத்தில் கொதிக்கிற பாத்திரத்தை வேண்டுமென்றே மேடையில் வைத்திருக்கிறாள்.

"நீ பாத்தியா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பாக்கணுமா என்ன?"

"எங்க வேலையில பாக்கணும்."

தங்கையின் முகம் சுருங்கியது. கூடப் பிறந்தவள் தன் பக்கம் நிற்பாள் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கும் அது புரிந்தது, சங்கடமாகத்தான் இருந்தது. குனிந்து வளையங்களை விரலால் தடவினாள். லேசாகச் சொரசொரத்தது. கருகலோ மஞ்சளோ இல்லை. வெறும் மங்கல்.

சின்னவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நேத்து சாயங்காலம் இங்க என்ன வச்சே?"

"சூடா எதுவும் வைக்கல. எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் போட்டேன். அஞ்சு டம்ளர்."

"துடைச்சியா?"

"டம்ளரை எடுத்ததும் துடைச்சேன். பிழியறப்போ சுவரோரப் பட்டையிலயும் தெறிச்சுது. அதைத் துடைக்க மறந்துட்டேன்."

மேடையும் சுவரும் சேருமிடத்தில் அதே வெள்ளையில் கையகலப் பட்டை ஒன்று ஓடியது. இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்த்தாள். காய்ந்த சாற்றுத் துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டினாள். அடியில் கல் கண்ணாடியாக மின்னியது.

கடையில் கொடுத்த சாம்பிள் துண்டு எங்கே என்று கேட்டாள். சின்னவள் எடுத்து வந்தாள். ஒரு மாதமாக அதன்மேல்தான் எலுமிச்சம்பழம் நறுக்குகிறார்கள். ஒரு பொட்டு மங்கலில்லை. ஒரு மூலை மட்டும் மஞ்சளாகியிருந்தது. மாமியார் சூடான வாணலியை வைத்தாராம்.

இன்ஸ்பெக்டர் ஒரு பழத்தை அறுத்து, சாம்பிள் மேல் பாதியும் மேடையின் ஓரத்தில் பாதியும் பிழிந்தாள். காத்திருந்த நேரத்தில் முந்தின நாள் நடந்ததை மாமியாரிடம் விசாரித்தாள். கடை அனுப்பிய கல் மேஸ்திரி தூசி பறக்கும் என்று பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டை ஒட்டி முடிந்தது, மேடைதான் பாக்கி என்றார். ஒரு மணிக்குச் சாக்குப் போட்டு மூடிய எதையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாலு மணிக்குத்தான், அதேபோல் மூடிய ஒன்றை இறக்கிக்கொண்டு திரும்பினார்.

பதினைந்து நிமிஷம் கழித்துத் துடைத்தபோது சாம்பிள் மின்னியது. மேடையில் புதிதாக ஒரு மங்கல் விழுந்திருந்தது.

10.30. கூப்பிட்டனுப்பிய மேஸ்திரி வந்தார். மேடையைப் பார்த்ததுமே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேஸ்திரி, நேத்து ஒரு மணிக்கு எதை எடுத்துட்டுப் போனீங்க?"

"கல் அறுக்கிற பிளேடு மாத்தப் போனேம்மா."

"பிளேடைச் சாக்குல மூடியா?"

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை இழுத்துக் கையில் சுற்றினார்.

இன்ஸ்பெக்டர் தங்கை பக்கம் திரும்பினாள். "சூடு பட்டா குவார்ட்ஸ் மஞ்சளாகும். இந்த வளையத்துல மஞ்சளே இல்ல. இது புளிப்பு அரிச்ச தடம். புளிப்பு குவார்ட்ஸை ஒண்ணும் பண்ணாது, மார்பிளை அரிச்சிடும். நீ ஆசையா தடவிப் பாத்துட்டிருக்கிறது மார்பிள்."

தங்கை கடைக்காரரைத் திட்ட வாயெடுத்தாள்.

"கடைமேல தப்பில்ல. ஒரே சாறுதான் பட்டையிலயும் பட்டுச்சு, அங்க தடமே இல்ல. கடை ஏமாத்தணும்னா ரெண்டையும் மாத்தியிருக்கும். பட்டை ஒட்டினதுக்கு அப்புறம், இதே ரூம்ல, பெரிய கல்லுக்கு மட்டும் ஏதோ ஆயிருக்கு. இல்லையா மேஸ்திரி?"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிங்க் வைக்க ஓட்டை போடும்போது கல் குறுக்கே இரண்டாகப் பிளந்துவிட்டதாம். அந்த மாதத்தில் அவர் கையில் உடைந்த இரண்டாவது கல் அது. வேலை போய்விடும் என்று பயந்து, வேறொரு வீட்டில் மிஞ்சிய மார்பிளை நிறம் பார்த்துப் பொருத்திவிட்டார்.

"கல்லைத்தான் மாத்தினேன், யாருக்கு என்ன வந்துடப்போகுதுன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு பேர் கெடும்னு தோணவே இல்லம்மா," என்றார் சின்னவளைப் பார்த்து.

அவரே கடைக்குப் போன் போட்டார், எல்லார் முன்னாலும். முதலாளி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, கல் உடைவது இந்தத் தொழிலில் சகஜம், மறைத்ததைப் பற்றித்தான் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, நாளைக்கு வேலைக்கு வா என்றார். வீட்டாரை வந்து பிடித்த கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சனிக்கிழமைக்குள் பதித்துவிடலாமாம்.

 தங்கை சின்னவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"பாக்காமலே உன்மேல பழி போட்டேன். தப்பு என்னோடது."

சின்னவள் முகம் உடனே இளகவில்லை. வலி அத்தனை சீக்கிரம் போகுமா? கடைசியில் மெல்லக் கேட்டாள்: "கல் எடுக்க எப்போ போகணும்?"

"இப்பவே போலாம். இந்தத் தடவை உனக்கும் பிடிச்சாத்தான் எடுப்பேன்."

12.20-க்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கல் ஒரே நிறமாக இருக்க வேண்டுமா, புள்ளி போட்டதாக இருக்க வேண்டுமா என்று அவர்கள் வாதாடிக்கொண்டே போனது, வண்டி தெருமுனை திரும்பும்வரை இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது.