ஒரு பொத்தானும் இரண்டு ப்ராசஸர்களும்

என் அம்மா ஊசியில் நூலை ஒரே தடவையில் கோர்த்துவிடுவார். ஆனால் அந்த ஊசியை எடுக்கப் போகும் வழியில் நாற்காலியில் இடித்துக்கொள்வார்.

ரொம்ப நாள் எனக்கு இது புரியவே இல்லை. அவ்வளவு சின்ன ஊசிக்காது தெரிகிறது, இவ்வளவு பெரிய நாற்காலி எப்படித் தெரியாமல் போகும்? "நாற்காலி மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கண் டாக்டர்தான் எனக்குப் புரிய வைத்தார். ஒரு தாளைக் குழாய் மாதிரிச் சுருட்டி என் கண்ணில் வைத்தார்.

"நடுவுல மட்டும்தானே தெரியுது? உங்க அம்மாவுக்கு இப்படித்தான் தெரியும்" என்றார். பிறகு தாளை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "இந்த வட்டம் சின்னதாகிக்கிட்டே வருது."

"இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"மூணு மாசம் பயமில்லை. அதுக்கப்புறம் என்னால உறுதியா சொல்ல முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "இந்த வார யூனிஃபார்மை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்" என்றார். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார்.

டிவியில் படம் பார்க்கும்போது அம்மா என் பக்கத்தில்தான் உட்காருவார். திரையின் ஓரத்தில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. நாங்கள் எல்லாரும் சிரிப்போம். "என்ன நடந்துச்சு? எதை விட்டுட்டேன், வாலு?" என்று கேட்பார். வாலு என்பது நான்தான். நான் சொன்ன பிறகு அம்மா சிரிப்பார். அதற்குள் அடுத்த காட்சி ஓடிப் போயிருக்கும்.

அக்கா கல்லூரியில் அசையும் படம் வரையப் படிக்கிறாள். அம்மாவுக்காக ஒரு குட்டிப் படம் செய்துகொண்டிருந்தாள். மூன்று நிமிடப் படம். தையல் மேசையிலிருந்து ஒரு பொத்தான் தப்பி ஓடும் கதை. எனக்கு ஒரு துளிகூடக் காட்டமாட்டாள். "முடியட்டும், முழுசா காட்டறேன்" என்பாள்.

அது முடிவதில்தான் சிக்கல்.

"படம்னா என்ன? வேகமா மாறுற நிறையப் படங்கள்" என்று அக்கா எனக்கு விளக்கினாள். "மூணு நிமிஷத்துக்கு நாலாயிரத்து முந்நூத்திருபது படம். வெளிச்சம் எங்க விழும், நிழல் எங்க விழும்னு கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போடணும். நம்ம கம்ப்யூட்டருக்கு ஒரு படத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது."

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் வந்தது. டாக்டர் சொன்னது மூன்று மாதம். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

ஒரு நாள் அக்கா கல்லூரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"வாலு, சர்வர் ப்ராசஸர் விலையெல்லாம் தடாலடியா இறங்கிடுச்சு!"

"சர்வருக்கு எதுக்குக்கா ப்ராசஸர்? அவர் தண்ணி கொண்டு வந்து வெச்சா போதாதா?"

"ஐயோ, ஓட்டல் சர்வர் இல்லடி! பெரிய கம்பெனிகள்ல ராப்பகலா ஓடற கம்ப்யூட்டர் பேரும் சர்வர்தான். அதோட மூளைதான் ப்ராசஸர். நம்ம கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு மூளை. அதுலெல்லாம் ரெண்டு இருக்கும். கம்பெனிக்காரங்க சில வருஷத்துக்கு ஒரு தடவை பழசை மொத்தமா வித்துட்டுப் புதுசு வாங்குவாங்க. புதுசுல மோட்டார் சைக்கிள் விலைக்கு வித்த ப்ராசஸர், இப்ப ஒரு ஜோடி செருப்பு விலைக்கு வந்திருக்கு!"

அக்கா கணக்கை முன்னாலேயே போட்டு வைத்திருந்தாள். ஒன்று போட்டால் ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம், மொத்தம் நாலு மாதம். இரண்டு போட்டால் இருபது நிமிடம், மொத்தம் இரண்டு மாதம்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய பொருள் கடை உண்டு. அந்தக் கடைக்காரர் ப்ராசஸர்களை முட்டைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார், குழிக்கு ஒன்றாக. அதனால் நான் அவருக்கு முட்டைத்தட்டு மாமா என்று பெயர் வைத்தேன். அவரிடம் இரண்டு ப்ராசஸர், அவை உட்காரும் பெரிய மதர்போர்டு, வெப்பத்தைக் குறைக்கும் இரண்டு விசிறி எல்லாம் வாங்கினோம். மதர்போர்டு எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைய மாட்டேன் என்றது. அதை ஒரு மரப் பலகையில் திருகினோம்.

முதல் ப்ராசஸரை அக்கா வைத்தாள். இரண்டாவதை என்னிடம் கொடுத்தாள்.

"மெதுவா. அழுத்தக் கூடாது. கீழ இருக்கிற ஊசி முடியை விட மெல்லிசு. ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அதன் தலையில் பட்டாணி அளவு சாம்பல் நிறப் பசை தடவி, விசிறியைப் பொருத்தினோம். அக்கா சுவிட்சைப் போட்டாள். தையல் மெஷின் நாலைந்து ஒன்றாக ஓடுவது போலச் சத்தம் வந்தது. நான் குதித்தேன்.

அக்கா குதிக்கவில்லை. "ஒண்ணுதான் இருக்குன்னு காட்டுது" என்றாள்.

கழற்றி மாட்டினோம். மறுபடியும் ஒன்று. இடம் மாற்றி வைத்தோம். மறுபடியும் ஒன்று. மூன்று மணி நேரம் போனது. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீதானே ரெண்டாவதை வெச்சே? அழுத்தினியா?"

"இல்லக்கா."

"அழுத்தாம எப்படி ஓடாம போகும்? உன்கிட்ட கொடுத்தது என் தப்பு!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தையல் அறைக்கு ஓடி, துணிக்கட்டின் மேல் முகம் புதைத்து அழுதேன். என்னால்தான் அம்மா படம் பார்க்காமல் போகப் போகிறாரோ என்று பயமாக இருந்தது.

அம்மா தையலை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழுது முடிச்சுட்டியா? முடிச்சிருந்தா நீ படுத்திருக்கிற துணியோட நம்பரைக் கொஞ்சம் படி."

அது என் தினசரி வேலை. துணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். பக்கத்துக் கட்டின் சீட்டையும் படித்தேன். கடைசி இரண்டு எண்கள் வேறாக இருந்தன.

"அப்ப அதைத் தனியா வை. கடையில மாத்திக் கொடுத்துட்டாங்க."

"ரெண்டும் ஒரே நீலம்தானேம்மா?"

"பேருதான் ஒண்ணு. வேற வேற நாள்ல சாயம் போட்டது. உடம்பை ஒண்ணுலயும் கையை இன்னொண்ணுலயும் தெச்சா, பள்ளிக்கூட வாசல்லயே காட்டிக் கொடுத்துடும்."

என் அழுகை நின்றுவிட்டது. ஒரு வெட்டுத்துணியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, பசையைத் துடைக்கணும்!"

"எதுக்கு?"

"துடைச்சுட்டுச் சொல்றேன்."

இரண்டு ப்ராசஸரின் தலையையும் பளிச்சென்று துடைத்தோம். குட்டிக் குட்டி எழுத்துகள் தெரிந்தன. முதல் வரி இரண்டிலும் ஒன்றே. இரண்டாம் வரி ஒன்று. மூன்றாம் வரியும் ஒன்று. கடைசி வரி வேறு.

அக்கா கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். "பேர் ஒண்ணு, தயாரிச்ச வகை வேற. இது ரெண்டும் ஜோடியே இல்ல. வாங்கறப்ப பேரை மட்டும்தான் பாத்தேன்." பிறகு என் தலையில் கை வைத்தாள். "நீ எதையும் வளைக்கலை. நான்தான் கண்டபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கோடி."

"பரவாயில்லக்கா" என்றேன். உள்ளே கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு அப்போது நேரம் இல்லை.

அக்கா ஒரு ப்ராசஸரை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கிவிட்டாள். மறுநாள் கடைக்குப் போனோம்.

"வித்த பொருளைத் திரும்ப வாங்கறதில்ல பாப்பா. போர்டுல எழுதியிருக்கு பாரு" என்றார் முட்டைத்தட்டு மாமா. ஆனாலும் எல்லாத் தட்டுகளிலும் தேடிப் பார்த்தார். எங்களுக்கு வேண்டிய கடைசி வரி எதிலும் இல்லை. அக்கா சோர்ந்துபோய் வாசலுக்குத் திரும்பினாள்.

நான் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஜோடிகள் அடுத்தடுத்த குழியில் ஒழுங்காக இருந்தன. இவ்வளவு ஒழுங்கான மனிதர் எப்படி மாற்றிக் கொடுத்தார்?

"மாமா, இந்தத் தட்டு எப்பவாவது கீழ விழுந்துச்சா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "போன வாரம் பூனை தள்ளிவிட்டுடுச்சு."

"உங்க கடையில பூனை இருக்கா?"

"இல்ல" என்றார். அப்புறம் மெதுவாக, "சரி, நான்தான் தட்டிவிட்டேன். பொறுக்கி வைக்கிறப்ப மாறியிருக்கும்" என்றார்.

"அப்ப எங்க ஜோடி இன்னொருத்தர்கிட்ட போயிருக்கு. எங்ககிட்ட இருக்கிறது அவரோடது. அவரும் பாவம், எங்கள மாதிரியே முழிச்சுக்கிட்டு இருப்பாரு."

"யாரு வாங்கினான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு இருபது பேர் வராங்க."

"ஒரு அட்டையும் பேனாவும் கொடுங்க மாமா."

அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்:

'இங்கே இரண்டு ப்ராசஸர் வாங்கினீர்களா? ஒன்று ஓடவில்லையா? தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அது கெட்டுப் போகவில்லை. அதன் ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது.'

கீழே எங்கள் ஃபோன் எண்ணையும் முகவரியையும் போட்டேன்.

மாமா படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதை மாட்டினா என் கடை மானம் கப்பலேறிடுமே!"

"'கடைக்காரர் நல்லவர்'னு கடைசியில சேர்க்கட்டுமா?"

அவர் யோசித்தார். "'ரொம்ப நல்லவர்'னு எழுது" என்றார்.

ஒன்பது நாள் ஃபோன் வரவில்லை. கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு முப்பத்தாறு படம் போட்டது. ஒரு நாள் அம்மாவுக்குப் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் நீட்டினேன். முன்பெல்லாம் தலையைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்வார். அன்று நான் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் என் கை அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது. நான் அடுக்களைக்குப் போய் டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் வாசலில் ஒரு தபால்காரர் வந்து நின்றார். கடிதம் கொண்டு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"அந்த அட்டையை எழுதினது இந்த வீடுதானே?"

அவர் தபால் கொடுக்கும் வழியெல்லாம் பறவைகளின் சத்தத்தைப் பதிவு செய்பவராம். பன்னிரண்டு வருடச் சத்தம் சேர்ந்திருக்கிறதாம். எந்தச் சத்தம் எந்தப் பறவை என்று பிரித்துக் கொடுக்க, அவரும் இரண்டு ப்ராசஸர் கம்ப்யூட்டர் கட்டியிருந்தார்.

"ஒண்ணு ஓடலை. செத்துப் போச்சுன்னு நினைச்சு, சாவிக்கொத்துல மாட்ட ஓட்டை போடலாம்னு இருந்தேம்மா. ட்ரில்லுக்கு ஊசி வாங்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன்."

அக்கா பதறிப்போய், "ஓட்டை போட்டுட்டீங்களா?" என்றாள்.

"வாங்கப் போன இடத்துலதானே அட்டையைப் பார்த்தேன்!"

தையல் மேசையில் வைத்துக் கடைசி வரியைச் சரிபார்த்தோம். அவருடையது எங்களுடையதோடு சேர்ந்தது. எங்களிடம் இருந்ததை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆமா, இதுதான் என்னோடது" என்றார். "உங்களுக்கு எதுக்கும்மா ரெண்டு ப்ராசஸர்?"

"அம்மாவுக்கு ஒரு படம் காட்டணும்" என்றேன்.

அம்மா அப்போது கதவு நிலையைத் தொட்டுத் தடவியபடி அறைக்குள் வந்தார். தபால்காரர் அதைப் பார்த்தார். தான் கொண்டு வந்ததை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று திரையில் இரண்டு என்று காட்டியது. அக்காவும் நானும் சேர்ந்து குதித்தோம்.

அதற்கப்புறம் ஐம்பத்தைந்து நாள். கடைசிப் படம் முடிந்த அன்று, சரிபார்க்க அக்கா ஒன்றைத் திறந்தாள். எனக்குப் பகீரென்றது.

"அக்கா! சுத்தியும் ஒரே கறுப்பு! நடுவுல ஒரு வட்டம்தான் இருக்கு! எல்லாம் கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போகலை. அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். டாக்டர்கிட்ட கேட்டு அளந்தேன். அதை விடவும் கொஞ்சம் சின்னதாவே போட்டேன். கதை முழுக்க அந்த வட்டத்துக்குள்ளதான்."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போட்டோம். அம்மாவின் ஸ்டூலை எங்கே போட வேண்டும் என்று அக்கா தையல் சாக்பீஸால் தரையில் குறித்திருந்தாள். அம்மா அதில் உட்கார்ந்தார். வழக்கம்போல நான் அவர் பக்கத்தில்.

பொத்தான் மேசையிலிருந்து குதித்தது. படியில் உருண்டது. மழைத்தண்ணீரில் மிதந்தது. தூங்கும் பூனையின் மூக்கடியில் போய் நின்றது. பூனை மூக்கைச் சுருக்கியது. நான் பழக்கதோஷத்தில் அம்மாவின் காதருகே குனிந்தேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலால் என் வாயைப் பொத்தினார். "சொல்லாதே வாலு. எனக்கே தெரியுது."

பூனை தும்மியது. பொத்தான் பறந்தது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் அம்மாதான் சிரித்தார்.

அப்பா அப்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரமாக மாட்டிக்கொண்டு, "என்ன நடந்துச்சு? எதை விட்டுட்டேன்?" என்று கேட்டார்.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்குச் சொன்னார்.