வெளியே போகாத தண்ணீர்

கரண்ட் போய்விட்டது, மோட்டாரின் உறுமலும் நின்றுவிட்டது. ஆனால் கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. சாயங்காலக் காபியைக் கையில் பிடித்தபடி பஞ்சாபகேசன் உற்றுக் கேட்டார். ஜல்லியில் ஊறி, டிரம்மின் ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் விழும் அதே சத்தம். கூடவே, ஈரப்பாசி நாற்றத்துக்கு நடுவே, பச்சை மஞ்சள் அரைத்தாற்போல ஒரு வாசனை. மிச்சம் மீதி வடிகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காபி ஆறி ஆடை கட்டிய பிறகும் அது வடிந்துகொண்டேதான் இருந்தது.

திருநகர் வீட்டுக் கொல்லையில் அந்தத் தொட்டியை அவரும் மனைவி அனந்தலக்ஷ்மியும் சேர்ந்து கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிற மனுஷர். தண்ணீர்ப் பஞ்சத்தை மூளையால் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். கீழே சிமெண்டுத் தொட்டியில் கெண்டை மீன்கள். மேலே நெடுக வெட்டிய டிரம்மில் ஜல்லி, அதில் கீரை. காயலான் கடையில் பொறுக்கிய கூலர் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். மீன் கழிவு கீரைக்கு உரம். கீரை வடிகட்டிய தண்ணீர் மறுபடி மீனுக்கு. “ஒரு சொட்டு வெளியே போகாது, தெரியுமோ?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மீன் தின்னாத வீட்டில் மீனா என்று தெருவே கேலி பண்ணியது. “அதுகள் சாப்பிடறதைப் பார்த்தாலே நேக்கு வயிறு ரொம்பிடறது” என்பாள் அனந்தம்.

ஆடியில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஓடுகிற ஜலத்தில், இல்லாவிட்டால் சமுத்திரத்தில் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்றார் காரியம் பண்ணிவைத்த புரோகிதர் ஹாலாஸ்யம் வாத்தியார். அந்த எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் வைகையில் வெறும் மணல். ராமேஸ்வரத்துக்கென்று கலசத்தோடு கிளம்பியவர், பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டுத் திரும்பிவிட்டார். இதுவும் ஓடுகிற தண்ணீர்தானே என்று தொட்டியில் கரைத்தார். மகள் ஜானுவிடம், ராமேஸ்வரத்தில் எல்லாம் ஆயிற்று என்று சொல்லிவிட்டார். படித்தவர் பண்ணுகிற காரியமா அது? ஆனால் பாவம், அவளில்லாமல் ஒரு பொழுதைத் தள்ள முடியவில்லை அவருக்கு.

அதற்குப் பிறகு கீரை கண்படும்படி வளர்ந்தது. மீன்கள் இரைக்கு மேலே வருவதை விட்டுவிட்டு, அவர் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றன. ஒருநாள், விழுகிற தண்ணீருக்குள்ளிருந்து “ஏன்னா” என்று அவள் கூப்பிட்டாள். பயந்தாரா? சந்தோஷப்பட்டார்! நாற்காலியைத் தொட்டியோரமே போட்டுக்கொண்டார். ஆனால் நாளாக நாளாக அந்தக் குரல் இளைத்தது. குழாயில் ஏறி, ஜல்லிக்குள் புகுந்து, கீழே விழுந்து, மறுபடி ஏறி. “போறும்னா. முடியலை. என்னை விட்டுடுங்கோ.” காதில் விழாத மாதிரி அவர் பேப்பரைப் புரட்டுவார்.

இன்றைக்கு, இருட்டுகிற நேரத்துக்கு ஜானு வந்தாள். கரண்ட் இல்லாததால் அரிக்கேன் விளக்கோடு கொல்லைக்குப் போய், ராத்திரிக் கூட்டுக்கென்று ஒரு பிடி கீரையைப் பிடுங்கினாள். வேர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நீளமாக, கறுப்பாக, ஈரமாக, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு. அம்மா தலையில் தடவும் எண்ணெயின் மணம் அதில். ஜானு உதறிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். தண்ணீர் சத்தத்தைக் கேட்டாள்.

“அப்பா, அம்மாவை எங்கே கரைச்சேள்?”

அவர் தொட்டியைப் பார்த்தார்.

“அவ அழறாப்பா! உங்க காதுல விழலையா?”

“விழறதும்மா. தெனமும் விழறது.”

“விழுந்துமா விட்டு வெச்சிருக்கேள்? அடியில ஓட்டையை அடைச்சிருக்கற கட்டையைப் பிடுங்குங்கோ, மண்ணுல போய்ச் சேரட்டும். நான் வாத்தியாரை அழைச்சுண்டு வரேன்.” செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பஞ்சாபகேசன் மண்டியிட்டார். கையைத் தோள்வரை உள்ளே விட்டார். தண்ணீர் குளிரவில்லை. காய்ச்சல்காரியின் நெற்றிச் சூடு. வழவழவென்று மீன்கள் விலகி வழிவிட்டன. துணி சுற்றிய கட்டை தட்டுப்பட்டது. திருகினார். அசைந்தது. தண்ணீர் கொடகொடவென்று வெளியேறியது.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். எத்தனை நிம்மதி அதில்! மஞ்சள் வாசனை இளகி இளகிப் போனது. சொட்டும் சத்தம் நின்றது.

நிசப்தம். வீடு முழுக்க. இனிமேல் என்றைக்கும்.

“ஐயோ, வேண்டாம்” என்று கட்டையைத் திரும்ப அழுத்தினார்.

விரல்கள் வந்தன. தண்ணீருக்கடியில். மெலிந்த, பழகிய விரல்கள். அவர் விரலை ஒவ்வொன்றாகக் கட்டையிலிருந்து பிரித்தன. அவர் மறுபடி மூடினார். அவை மறுபடி பிரித்தன. கெஞ்சின. கிள்ளின. சுரண்டின.

“கொஞ்ச நாள், அனந்தம். இன்னும் கொஞ்சமே கொஞ்ச நாள்.” தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே இன்னொரு கையையும் உள்ளே விட்டு, பலம் கொண்டமட்டும் அழுத்தினார்.

அடியில் ஏதோ முறிந்தது. ஆடிக்கு இட்ட மருதாணிச் சிவப்பு மாறாத நகம் ஒன்று, வேரோடு பிய்ந்து, மேலே மிதந்து வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.